ராஜகோபுரத்தின் உச்சியில் வேறு நேரம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதன் அடியில் ஓர் அணுக் கடிகாரமும் உச்சியில் இன்னொன்றும் வைத்தால், ஐன்ஸ்டைனின் கணக்குப்படி மேலே உள்ளது ஓர் ஆண்டில் நொடியின் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு முந்தியிருக்கும். கடிகாரத்தின் கோளாறாக இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயர வேறுபாட்டில் ஜப்பானியர்கள் அளந்து 2020-இல் வெளியிட்ட முடிவு, கணக்கோடு பொருந்தியது. 2022-இல் அமெரிக்காவில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டிலேயே இது தெரிந்தது. எந்த வகைக் கடிகாரமானாலும் ஒரே அளவில் விலகினால், குற்றம் கடிகாரத்தில் இல்லை. திருச்சியின் காட்டூருக்கும் மலைக்கோட்டை உச்சிக்கும் பொதுவான ஒரே நேரம் என்பது (ரயிலைப் பிடிக்கப் போதுமான) ஏற்பாடு மட்டுமே.

அப்படியானால் காலமும் வெளியும் பொய்யா? அந்த முடிவு அவசரம். இல்லாத ஒன்று இத்தனை துல்லியமாக விலகாது. ஆனால் உண்மையானதெல்லாம் அடிப்படையானதாக இருக்க வேண்டியதில்லை. தனி மூலக்கூறு ஒன்றுக்கு வெப்பநிலை கிடையாது. கோடிக்கணக்கானவை சேர்ந்தால்தான் திருச்சி வெயில். காலவெளியும் அவ்வாறே நுண்ணிய எதிலிருந்தோ எழுவதாகப் பல இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். 1970-களில் இயற்பியலாளர்கள் பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் காட்டியபடி, கருந்துளையின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அதன் கொள்ளளவைச் சாராமல் பரப்பளவைச் சார்ந்திருக்கிறது. வெளிதான் அடிப்படை என்றால் அது கொள்ளளவையே சார்ந்திருக்க வேண்டும்; எனவே இது விசித்திரம்தான். சோதனைச் சான்று எங்கே என்பது நியாயமான ஆட்சேபம். ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் வெளிப்படும் என்று கருதப்படும் பிளாங்க் நீளம், புரோட்டானைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் சிறியது. எந்த முடுக்கியும் அதை எட்டவில்லை. எனவே காலவெளி உண்மை என்பது நிரூபணமானது. அது அடிப்படையல்ல என்பது இன்னும் ஊகமே.