வெறும் வயிறு, சர்க்கரை, அச்சம்: கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது எப்படி?

உயர்நிலை வகுப்புகளில் செரிமான மண்டலத்தை நடத்தும்போது பெருங்குடலுக்கு நாம் ஒதுக்கும் நேரம் குறைவு. சுமார் 1.5 மீட்டர் நீளம், நீரை உறிஞ்சும், கழிவை வெளியேற்றும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒன்றரை மீட்டரின் உட்சுவரைக் கேமரா பொருத்திய வளையும் குழாய் மூலம் நேரில் பார்க்கும் பரிசோதனைதான் கொலோனோஸ்கோப்பி. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்களில் சிலருக்கு மருத்துவர் இதை எழுதிக் கொடுக்கிறார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அவர்களுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. "ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை என்னாகும்?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருக்கு இந்தப் பரிசோதனை?

மலத்தில் இரத்தம், சில வாரங்களாகத் தொடரும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத எடைக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவை முக்கியக் காரணங்கள். மலத்தில் இரத்தம் கண்டதும் "மூலமாகத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்வது நம் பகுதியில் சாதாரணம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.

குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய மருத்துவர்கள், வயிற்றைத் திறக்காமல் கொலோனோஸ்கோப் வழியாகவே பாலிப்பை அகற்றிக் காட்டினர். 1985 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனுக்கு இப்பரிசோதனையில் ஒரு பெரிய பாலிப் தெரியவந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அகற்றிய திசுவில் புற்றுநோய் இருந்தது. அவர் அதன் பிறகு 19 ஆண்டுகள் வாழ்ந்தார். பாலிப்புகளை அகற்றியவர்களிடம் குடல் புற்றுநோய் எதிர்பார்த்த அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்ததை 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

சர்க்கரை நோயாளிக்கு என்ன வேறுபாடு?

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று சர்க்கரை மாத்திரை இல்லாத ஆசிரியர் ஓய்வறை அரிது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டின் விகிதம் தேசியச் சராசரியான 11.4 விழுக்காட்டைவிட அதிகம். எனவே இப்பரிசோதனைக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகளாகவே இருப்பார்கள். அவர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, தயாரிப்பு நாளில் திட உணவு கிடையாது. வழக்கமான மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். இரண்டாவது, நீண்ட நாள் சர்க்கரை நோய் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. அதனால் குடல் முழுமையாகச் சுத்தமாவது மற்றவர்களைவிடச் சற்றுக் கடினம். சுத்தமாகாத குடலில் சிறு பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும். பரிசோதனையை மீண்டும் செய்யவும் நேரலாம். மூன்றாவது, பேதியால் உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

மருந்துகள்: எழுதி வாங்குங்கள்

பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருப்பது இப்போது வழக்கம். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களை மருத்துவர் பார்க்க வேண்டும். எதை எப்போது நிறுத்துவது, எதை எவ்வளவு குறைப்பது என்பதைத் தேதி, நேரத்துடன் அவரிடமே எழுதி வாங்குங்கள். பொதுவான நடைமுறை கீழே உள்ளது. இது மருத்துவரிடம் கேள்வி கேட்க உதவும் பட்டியல். நாமாக முடிவெடுப்பதற்கானது அன்று.

• டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை: பெரும்பாலும் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியின்போது இவை இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். சர்க்கரை அளவு இயல்பாகத் தெரிந்தாலும் இந்த ஆபத்து உண்டு.
• கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை: சாப்பாடு இல்லாத நேரத்தில் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியவை. திரவ உணவு தொடங்கியதும் நிறுத்தப்படும்.
• மெட்ஃபார்மின்: தயாரிப்பு நாளிலோ பரிசோதனை நாளிலோ நிறுத்தி, சாப்பாடு தொடங்கிய பின் தொடரப்படும்.
• இன்சுலின்: உணவு வேளைக்குப் போடும் விரைவு இன்சுலின் உணவோடு சேர்ந்து நிற்கும். நீண்ட நேர இன்சுலின் அளவு குறைக்கப்படும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை ஒருபோதும் முற்றிலும் நிறுத்தக் கூடாது.
• செமாகுளூடைடு போன்ற வார ஊசி: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.
• இரும்புச்சத்து மாத்திரை: 5 முதல் 7 நாள் முன் நிறுத்தப்படும். இது மலத்தைக் கருப்பாக்கிக் குடற்சுவரை மறைக்கும்.
• இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, இரத்த அழுத்த மாத்திரை: கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் போடவும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளி என்று சொல்லிக் காலையின் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். பட்டினி நேரம் குறையும்.

மூன்று நாள் உணவு

நார்ச்சத்து நல்லது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இந்த மூன்று நாளும் தலைகீழ். கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொய்யா, கேழ்வரகு, கம்பு, சுண்டல், விதையுள்ள தக்காளி, கத்தரிக்காய், வேர்க்கடலை ஆகியவை வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், தயிர், முட்டை சாப்பிடலாம். கடலோரத்தவர்களான நமக்கு மீன் தாராளமாகக் கிடைப்பது வசதி. முள் நீக்கிய மீனைத் தேங்காய் அரைக்காமல், காரம் குறைத்து, குழம்பாகவோ அவித்தோ சாப்பிடலாம்.

முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும். கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும் என்பதுதான் அளவுகோல். வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, இளநீர், பால் சேர்க்காத தேநீர், கடுங்காப்பி, தெளிந்த சூப் ஆகியவை சரி. பால், மோர் கூடாது. சிவப்பு, ஊதா நிறச் சர்பத்தும் கூடாது. அந்நிறம் குடலில் இரத்தம்போலத் தோன்றும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதை நினைவில் வைத்து, கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

இங்கே பலர் தடுமாறுவார்கள். ஆண்டுக்கணக்கில் சீனியை ஒதுக்கியவர்கள் அன்றும் சர்க்கரையில்லாத பானங்களை மட்டுமே குடிப்பார்கள். திட உணவு இல்லாத அந்த நாளில் உடலுக்கு மாவுச்சத்து இந்தத் திரவங்களிலிருந்துதான் வர வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் சீனி சேர்த்த பானமும் சேர்க்காத பானமும் மாறி மாறிக் குடிப்பதே முறை.

பேதி மருந்தும் கால அட்டவணையும்

பொதுவாகத் தரப்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. இரண்டு லிட்டர் நீரில் கரைத்து இரண்டு பகுதியாகக் குடிக்க வேண்டும். பொடியிலேயே உப்புகள் உள்ளதால் நம் பகுதிக் கிணற்று உவர்நீரில் கலந்தால் வாயில் வைக்க முடியாது. நல்ல குடிநீரில் கலந்து குளிரவைத்தால் எளிதாக இறங்கும். காலை 9 மணிக்குப் பரிசோதனை என்றால் அட்டவணை ஏறத்தாழ இப்படி அமையும்:

• முந்தைய நாள் காலை 8 மணி: இட்லி போன்ற எளிய உணவு. பிறகு திரவம் மட்டும்.
• மாலை 6 மணி: முதல் லிட்டர். 15 நிமிடத்துக்கு ஒரு தம்ளர்.
• இரவு: தெளிந்த திரவங்கள். படுக்கும் முன் சர்க்கரை அளவு பார்த்தல்.
• அதிகாலை 4 மணி: இரண்டாவது லிட்டர். ஐந்தரை மணிக்குள் முடித்தல்.
• காலை 7 மணி: மருத்துவமனை வேறு நேரம் சொல்லாவிட்டால், இதற்குப் பின் எதுவும் குடிக்கக் கூடாது.

குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தித் தொடரலாம். கடைசியில் மஞ்சள் நிறத் தெளிந்த நீராகப் போனால் குடல் தயார். கலங்கலாகவே இருந்தால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பாதியில் "போதும்" என்று நிறுத்துவது பட்டினி கிடந்த பாட்டையே வீணாக்கும்.

தயாரிப்பு நாளில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. இது பட்டினி நேரத்தில் நிகழ்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. பரிசோதனை தள்ளிப்போகுமே என்று மறைக்காமல் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும். நினைவு மங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

தீவிலிருந்து பயணம்

இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்தப் பரிசோதனை அங்கே எந்த நாள்களில் நடக்கிறது என்று முதலில் விசாரிக்கலாம். மதுரைக்குத்தான் செல்ல வேண்டுமென்றால், இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர், பேருந்தில் சுமார் நான்கு மணி நேரம். பேதி மருந்து குடித்துவிட்டு அந்தப் பயணம் நடவாது. எனவே முந்தைய நாள் மதியத்துக்குள் மதுரை சேர்ந்து, கழிப்பறையோடு கூடிய அறையில் தங்கி மருந்தைத் தொடங்குவதே சரி. பையில் குளுக்கோமீட்டர், அதற்கான பட்டைகள், சீனி, மருந்துப் பட்டியல், தேங்காயெண்ணெய் ஆகியவை இருக்கட்டும். அடிக்கடி கழுவுவதால் தோல் எரியும். எண்ணெய் தடவினால் இதமாக இருக்கும்.

அச்சமா, சர்க்கரைத் தாழ்வா?

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்குத் துணையாக மதுரையில் தங்கியிருந்தேன். 52 வயது, பதினோரு ஆண்டாகச் சர்க்கரை. இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. "டீச்சர், எனக்குப் பயமா இருக்கு. வேணாம், விடிஞ்சதும் ஊருக்குப் போயிருவோம்" என்றார். "போவோம் டீச்சர், மொதல்ல விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாத்துருவோம்" என்றேன். 61 காட்டியது. காலையில் போட்ட மாத்திரையின் வேலை இன்னும் முடியவில்லை. சீனித் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில் 94 ஆனது. நடுக்கம் நின்றது. பயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அது பேசித் தீர்க்கக்கூடிய பயம். காலையில் பரிசோதனை நடந்தது. ஒரு சிறு பாலிப்பை அகற்றினார்கள்.

பதற்றத்தின் அறிகுறிகளும் சர்க்கரைத் தாழ்வின் அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் அது அச்சம்தான். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது உதவும். கருவி கைவசம் இல்லாவிட்டால் சர்க்கரைத் தாழ்வு என்றே கருதிச் சீனி குடிப்பது பாதுகாப்பு.

அச்சத்துக்கும் பெயர் வைத்துப் பார்க்கலாம். வலிக்குமோ என்ற அச்சத்துக்கு மயக்க ஊசி உண்டு. பலருக்குப் பரிசோதனை நடந்ததே நினைவிருப்பதில்லை. கூச்சம் இருந்தால் பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று முன்பே கேட்கலாம். பின்புறம் மட்டும் திறந்த உடை தருவார்கள்; மேலே துணி போர்த்தப்பட்டிருக்கும். குடலில் துளை விழுமோ என்ற அச்சத்துக்கு, பாலிப் அகற்றாத பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது என்பது விடை. முடிவு என்னவாக இருக்குமோ என்ற அச்சம்தான் மிகப் பெரியது. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் அது குறைவதில்லை. பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மனம் விட்டுப் பேச, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் எந்நேரமும் உண்டு.

பரிசோதனைக்குப் பின்

பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குடலை விரிக்கச் செலுத்திய காற்றால் சற்று நேரம் வயிறு உப்பலாக இருக்கும். மயக்கம் தெளிந்ததும் சர்க்கரை பார்த்து, எளிய உணவு உண்டு, மருத்துவர் சொன்ன வரிசையில் மாத்திரைகளைத் தொடங்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, துணை கட்டாயம். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மிகுதியான இரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். எடுத்த திசுவின் முடிவு வர சில நாள்கள் ஆகும். முடிவைக் கையில் வாங்கி, அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் தேவைப்படுவது மூன்று நாள் உணவுக் கட்டுப்பாடும், இரண்டு நாள் விடுப்பும், உடன் வர ஒருவரும்தான். விடுப்புக்கு விண்ணப்பிக்கும் சக ஆசிரியரிடம் காரணத்தைத் துருவிக் கேட்காமல், "துணைக்கு நான் வரட்டுமா டீச்சர்?" என்று நம்மில் ஒருவர் கேட்டால், பையில் மடித்து வைத்த மருத்துவச் சீட்டு வெளியே வரும்.