துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

விளாங்குடியில் காலை நடை முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்களில் சிலர் கையில் இப்போது ஸ்மார்ட்வாட்ச். எத்தனை அடி நடந்தோம், நாடி எவ்வளவு என்று பக்கத்திலிருப்பவரிடம் காட்டுவார்கள். அதே திரையில் 'எச்.ஆர்.வி.' என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அதை யாரும் சீண்டுவதில்லை.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கொன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. ஓர் இடைவெளி 0.95 நொடி, அடுத்தது 1.04 நொடி என்று ஏறி இறங்கும். இந்த மாறுபாட்டின் அளவுதான் அந்த எச்.ஆர்.வி. மணிக்கட்டில் விரலை வைத்து ஆழமாக மூச்சிழுத்தால் நாடி கொஞ்சம் ஓடும். மெல்ல விட்டால் தளரும். 1847-இல் ஜெர்மனியின் கார்ல் லுத்விக் இதைக் கருவியில் பதிவு செய்தார்.

இதயத்துக்கு இரண்டு வகை நரம்புக் கட்டளை. பரிவு நரம்புகள் தார்க்குச்சி. வேகஸ் நரம்பு மூக்கணாங்கயிறு. கயிற்றை நொடிக்கு நொடி இழுத்தும் விட்டும் ஓட்டுவதால்தான் இந்த ஏற்ற இறக்கம்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லாதவர்களிடம்கூட, உடல் கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த மாறுபாடு பொதுவாகக் குறைந்தே காணப்படுகிறது. குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. லெப்டின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது, இன்சுலினையும் ஏற்றிவிடுகிறது. இரண்டுமே தார்க்குச்சியின் பக்கம். ஆனால் வயது, தூக்கம், காய்ச்சல், முந்தைய இரவின் மது எல்லாம் அந்த எண்ணை ஆட்டிவைக்கும். ஒருநாள் குறைந்ததற்காகப் பதற வேண்டியதில்லை. அடுத்தவர் வாட்சோடு ஒப்பிடுவதும் வீண்.

'நான் ஒல்லிதானே' என்பவர்களுக்கு ஒரு படம் இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது; புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! எடைக்கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் பொதுவான பருமன் 28.6 சதவீதம், தொப்பை 39.5 சதவீதம். எடையில் தப்பித்து இடுப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

எடை குறைந்தாலும், நடை தொடர்ந்தாலும் பலருக்கு மாறுபாடு கூடுகிறது. அதை அறிய வாட்ச் தேவை. தொப்பையை அறிய தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றிப் பார்க்கையில் ஆணுக்கு 90 செ.மீ.க்குள்ளும் பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். அளக்கும்போது வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகுதான் டேப்பைப் படிக்க வேண்டும்.