பஞ்சத்துக்கு முன் வரைந்த நிலப்படம்

1846-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கெர்ரி மாவட்டத்தின் நிலப்படத் தாள்கள் அச்சாகி வெளிவந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு பெருவேலை அதோடு முடிந்தது. 32 மாவட்டங்கள், கிட்டத்தட்ட 2000 தாள்கள். தரையில் ஒரு மைல் என்றால் தாளில் ஆறு அங்குலம். இவ்வளவு பெரிய அளவில் ஒரு நாடு முழுவதையும் வரைந்து அச்சிட்டது உலகில் அதுவே முதல் தடவை. முப்பது அடி நீளமுள்ள குடிசைகூட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சிறு கட்டமாக அதில் இடம்பெற்றது.

அந்தத் தாள்கள் அச்சேறிக்கொண்டிருந்தபோதே அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகத் தொடங்கிவிட்டன. 1845-இல் வந்த கருகல் நோய் அடுத்த ஆண்டு விளைச்சலை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தது. சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும், பசியோடு சேர்ந்து வந்த காய்ச்சல்களாலும் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறிப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 81,75,124 ஆக இருந்த மக்கள்தொகை 1851-இல் 65,52,385 ஆகிவிட்டது. அந்தத் தீவில் இன்றும் 1841-இல் இருந்த அளவுக்கு மக்கள் இல்லை.

ஆகவே அந்த 2000 தாள்களில் இருப்பது, கலைந்துபோவதற்குச் சற்று முன்பு இருந்த ஒரு நாடு. வரைந்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் வரி போடுவதற்காக அளந்தார்கள்.

அயர்லாந்தின் உள்ளூர் வரி, டவுன்லாண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவுகளை வைத்தே பிரிக்கப்பட்டது. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லாண்டுகள் உண்டு. அவற்றின் பரப்பு பழைய குத்துமதிப்பான கணக்கில் இருந்ததால், நல்ல மண் வைத்திருந்தவர் குறைவாகவும் கல்லுங்கரடும் வைத்திருந்தவர் அதிகமாகவும் கட்ட நேர்ந்தது. 1824-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்து, புதிய அளவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் நில அளவைத் துறைக்குத் தலைவராக இருந்த தாமஸ் கோல்பியிடம் பொறுப்பு வந்தது. அரசு எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பணமும் காலமும் பிடித்தன. உச்சத்தில் 2000-க்கும் மேற்பட்டோர் இதில் வேலை செய்தார்கள்.

முதல் வேலை முக்கோணங்கள். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். மலையுச்சிக்கு மலையுச்சி கோணம் பார்த்துக்கொண்டே போனால் நாடு முழுவதும் முக்கோண வலை விரிந்துவிடும். கேட்க எளிது. ஆனால் அயர்லாந்தின் மலைகள் அடிக்கடி மேகத்துக்குள் மறைபவை. 1825 இலையுதிர் காலத்தில் பெல்ஃபாஸ்டுக்கு அருகிலுள்ள டிவிஸ் மலையிலிருந்து, 66 மைல் தள்ளி டோனகலில் இருக்கும் ஸ்லீவ் ஸ்னாக்ட் உச்சியைப் பார்க்க முடியாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். தாமஸ் டிரம்மண்ட் என்ற இளம் அதிகாரி அந்த உச்சிக்கு ஏறி, சுண்ணாம்புத் துண்டு ஒன்றைக் கடும் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அதன் வெண்ணொளியைக் குழியாடியால் திருப்பி அனுப்பினார். நவம்பர் மாத இரவொன்றில் டிவிஸ் மலையில் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள். இதே சுண்ணாம்பு விளக்குதான் பின்னாளில் ஐரோப்பிய நாடக மேடைகளுக்கு ஒளி தந்தது.

கணக்கில் தெரிந்திருக்க வேண்டிய அந்த ஒரு பக்கத்தைத் தரையிலேயே அளந்தாக வேண்டும். 1827-28-இல் வடக்கே ஃபாய்ல் கடற்கழியின் கரையில் ஏறத்தாழ எட்டு மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளந்தார்கள். இரும்புச் சங்கிலியால் அளந்தால் வெயிலில் நீளும், குளிரில் குறுகும். சிறு பிழையும் நாடெங்கும் பெருகிப்போகும். கோல்பி இதற்கு ஒரு கருவி செய்தார். ஓர் இரும்புச் சட்டத்தையும் ஒரு பித்தளைச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் இணைத்தார். இரண்டு முனைகளிலும் இரண்டு சட்டங்களையும் தொட்டு நிற்கும் எஃகு நாக்குகளைப் பொருத்தினார். சூட்டில் பித்தளை இரும்பைவிட அதிகமாக நீளும். அப்போது நாக்கு சற்றே சாயும். ஆனால் அதன் நுனியில் குறித்த புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். இரு முனைப் புள்ளிகளுக்கும் இடையே எந்த வெப்பத்திலும் பத்தடி. 1960-இல் மின்னணுக் கருவியால் அதே கோட்டை மீண்டும் அளந்தபோது வித்தியாசம் ஓர் அங்குலம்தான் வந்தது. அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், ஈரமான கடற்கரையில், கையால் செய்த வேலை அது.

இந்தச் சட்டங்களுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவின் பெரும் முக்கோண அளவையை நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், நோய்க்கு மருத்துவம் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது 1829-இல் அயர்லாந்துக்குச் சென்று கோல்பியின் வேலையைப் பார்த்தார். அதே வகைச் சட்டங்களை 1830-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கல்கத்தாவில் தொடங்கி, டேராடூன், பீதர், விசாகப்பட்டினம், பெங்களூர் என்று அளந்துவந்த அந்தக் கருவி, 1869-இல் கன்னியாகுமரி அடிக்கோட்டில் தன் கடைசி வேலையைச் செய்தது.

முக்கோணங்கள் முடிந்த பிறகு மலையுச்சியிலிருந்து வயலுக்கு இறங்க வேண்டும். எந்த டவுன்லாண்டு எங்கே முடிகிறது என்று ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையிலான தனிக் குழு முன்கூட்டியே குறித்து வைத்தது. உள்ளூர்ப் பெரியவர்கள் கூடவே நடந்து, ஓடை, புதர்வேலி, நட்ட கல் என்று எல்லையைக் காட்டினார்கள். நம் ஊரில் சர்வேயர் வந்தால் வரப்போரம் கூடி நிற்பவர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதன் பின் சங்கிலிக்காரர்கள் வந்தார்கள்.

ஊர்ப்பெயர்களை எழுதுவது தனி வேலையாக வளர்ந்தது. டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவிலுள்ள மவுண்ட்ஜாய் மாளிகையில் அலுவலகத்தைக் கவனித்துவந்த தாமஸ் லார்க்கம், 1830-இல் ஜான் ஓடோனவன் என்ற இளம் ஐரிஷ் அறிஞரைச் சேர்த்துக்கொண்டார். லார்க்கம் அவரிடம் ஐரிஷ் கற்றார். ஓடோனவன் பல ஆண்டுகள் மாவட்டம் மாவட்டமாக, பெரும்பாலும் நடந்தே சென்று, முதியவர்கள் ஊரின் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டார், பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டார், தலைமையகத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். படத்தில் ஏறியது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். ஆனால் அவருடைய குறிப்பேடுகளில் ஐரிஷ் வடிவங்களும் உள்ளூர்ச் செய்திகளும் தங்கிவிட்டன. பிரையன் ஃப்ரீல் 1980-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற நாடகம், இந்த அளவையை ராணுவம் ஒரு மொழியின்மேல் செய்த தாக்குதலாகக் காட்டுகிறது. நாடகமாக அது வலிமையானது. ஆயினும் ஓடோனவனின் உழைப்பைப் பார்த்தால் அந்தச் சித்திரம் நியாயமாகப் படவில்லை. ஆட்சி செய்பவனுக்காக வரைந்த படம்தான். அதற்குள்ளேயே ஒரு மனிதர் தன் மக்களுடைய நினைவைக் காப்பாற்றி வைத்தார் என்பதும் உண்மை.

அளந்து வந்ததை மவுண்ட்ஜாயில் செப்புத் தகட்டில் செதுக்கினார்கள். எழுத்தும் கோடும் எல்லாம் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மையைத் தகட்டின் பள்ளங்களில் நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். மயிரிழைக் கோடுகூடத் தெளிவாக விழுவது இதனால்தான். தாளின் அடி ஓரத்தில் எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு செதுக்கியது என்ற குறிப்பு இருக்கும். பழைய நிலப்படத்தைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஓரம்தான். கெர்ரியின் தாள்கள் 1846-இல் வெளிவந்தாலும் அவை காட்டும் நிலம் அதற்குச் சில ஆண்டுகள் முந்தையது.

இப்போது படத்துக்குள் போகலாம். வடகிழக்கே அல்ஸ்டர் பக்கத்துத் தாள்களில் ஓடையோரம் ஆளிநார் ஆலைகள், லினன் துணியை வெளுக்கக் காயப்போடும் புல்வெளிகள். வீட்டுக்கு வீடு தறி ஓடிய பகுதி என்று தாளே சொல்லிவிடுகிறது. கிழக்கேயும் நடுவிலும் பெரிய பெரிய தோட்டப் பண்ணைகள்: நடுவே நிலப்பிரபுவின் மாளிகை, சுற்றிலும் புள்ளியிட்டு நிழலாக்கிய பூங்கா, ஒவ்வொன்றாக வரைந்த மரங்கள். மாளிகைக்குப் பெயர் உண்டு. எங்கும் சுண்ணாம்புக் காளவாய்கள், மாவு ஆலைகள், கொல்லன் பட்டறைகள், தேவாலயங்கள், புனிதக் கிணறுகள். வட்ட வடிவ மண்கோட்டைகள் ஆயிரக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல பின்னாளில் உழவில் கரைந்துவிட்டன. தொல்லியலாளர்கள் இன்றும் அவை இருந்த இடத்தை இந்தத் தாள்களை வைத்தே தேடுகிறார்கள்.

மேற்கே மேயோ, டோனகல், கால்வே கடலோரங்களுக்குப் போனால் தாளின் முகமே மாறுகிறது. பத்து, இருபது, முப்பது கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்கில்லாமல் கிடக்கும். தெரு இல்லை, கடை இல்லை, தேவாலயமும் இல்லை. பெரும்பாலும் தனிப்பெயர்கூட இல்லை. கிளாக்கன் எனப்படும் குடியிருப்புகள் இவை. பல குடும்பங்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நல்ல மண்ணிலும் மட்டமான மண்ணிலும் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பங்கு பிரித்துக்கொண்டு பயிரிட்டார்கள். துண்டுகளுக்கு வேலி கிடையாது. அவ்வப்போது மாற்றிப் பிரிப்பதும் உண்டு. நிலையான எல்லையைத்தான் நில அளவையாளர் வரைவார். அதனால் மக்கள் மிக நெருக்கமாக உழுது பிழைத்த அந்த நிலம் படத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளையைக் கண்டு தரிசு என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

வரி மதிப்பீட்டுக்கு எது வேண்டுமோ அது வந்தது, வேண்டாதது விடுபட்டது. வடக்கே முதலில் வெளிவந்த தாள்களில் வயல்வரப்புகளையே வரையவில்லை. மதிப்பீட்டுக்கு அவை தேவை என்று உணர்ந்த பிறகு, 1830-களின் நடுவிலிருந்துதான் சேர்த்தார்கள். அந்த 2000 தாள்களில் எதிலும் ஒரு வீட்டில் எத்தனை வாய்கள் என்றோ, அவை எதைத் தின்றன என்றோ குறிப்பு இல்லை.

1887-க்குப் பிறகு அயர்லாந்தை மறுபடி அளந்தார்கள், இம்முறை மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போதுதான் அந்த ஐம்பது ஆண்டுகள் என்ன செய்தன என்று விளங்குகிறது. கறுப்புக் கட்டங்கள் கொத்தாகக் கிடந்த இடங்கள் பல காலியாகிவிட்டன. வெள்ளையாக இருந்த நிலத்தில் மலைச்சரிவை நோக்கி நேர்நேராக வேலிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி வீடு. எல்லாவற்றையும் பஞ்சத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நிலப்பிரபுக்கள் குடிகளை வெளியேற்றினார்கள், பொதுக்குத்தகையைக் கலைத்துத் தனிப்பங்காக்கினார்கள்; 1891-இல் அரசு அமைத்த வாரியமும் மேற்கில் நிலங்களைத் திருத்திப் பிரித்தது. கப்பலேறுவதும் பல பத்தாண்டுகள் நிற்கவில்லை. எந்தக் கட்டம் எந்தக் காரணத்தால் மறைந்தது என்று படம் சொல்லாது. அது இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி சொல்லும்.

அந்தச் சாட்சி ஏன் இவ்வளவு பெரிது என்றால், வேறு சாட்சிகள் எரிந்துபோய்விட்டன. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுவாரித் தாள்கள் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அந்தக் கட்டடம் தீப்பற்றியபோது அவற்றில் மிகச் சிலவே தப்பின. மிஞ்சியவற்றில் முக்கியமானவை இந்த நிலப்படமும், இதை அடிப்படையாக வைத்து 1847 முதல் 1864 வரை கிரிஃபித் வெளியிட்ட வரி மதிப்பீட்டுப் பட்டியலும். பட்டியலில் பெயர், படத்தில் இடம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் ஐரிஷ் வம்சாவளியினர் தங்கள் முன்னோரின் வீடு இருந்த இடத்தை இன்று பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புவோர் மேயோ மாவட்டத்து ஆக்கில் தீவிலிருந்து தொடங்கலாம். ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் வீடுகள் நீண்ட வரிசையாகக் கிடப்பதைப் பாருங்கள். அடுத்து 25 அங்குலப் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். பிறகு இன்றைய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள்: கூரையற்ற கற்சுவர்கள் அதே வரிசையில் இன்னும் நிற்கின்றன, அவற்றைச் சுற்றிலும் உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேடுபள்ளம் புல்லுக்கடியில் தெரிகிறது.