ஆறாம் வேற்றுமை வென்ற வழக்கு

வேற்றுமைப் பாடம் நடத்தும்போது, "உருபு ஒன்று மாறினால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று மாணவர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கு அதற்குத் தக்க விடையாக அமைந்துள்ளது.

பார்வையற்றோர் கைபேசியைக் கையாளுவது எங்ஙனம் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். திரையிலுள்ள எழுத்துகளைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் உரக்கப் படிக்கும்; விரல் தொடும் பொத்தானின் பெயரையும் சொல்லும். ஆனால், செயலியை உருவாக்கியவர் அப்பொத்தானுக்குப் பெயர் எழுதி வைத்திருத்தல் வேண்டும். இல்லையேல் "பொத்தான்" என்னும் சொல் மட்டுமே ஒலிக்கும். எது பொருள், எது விலை, எது பணம் செலுத்துமிடம் என்பது விளங்காது. பெயரிடுவதற்கு ஆகும் உழைப்போ மிகச் சிறிது.

டாமினோஸ் பீட்சா நிறுவனத்தின் இணையத்தளத்திலும் செயலியிலும் தம் விருப்பப்படி உணவு கேட்டுப் பெற இயலவில்லை என்று, 2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அப்பார்வையற்றவர் வழக்குத் தொடுத்தார். 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அவர் துணைக்கொண்டார். பொதுமக்கள் வந்துசெல்லும் கடை, உணவகம், விடுதி போன்றவை மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கலாகாது என்பது அச்சட்டத்தின் கருத்து. சட்டம் பிறந்தபோது கைபேசிச் செயலி என்பதே இல்லை.

எந்தத் தொழில்நுட்ப அளவுகோலைப் பின்பற்றுவது என்று அரசு விதி வகுக்காதபோது தம்மைப் பொறுப்பாக்குவது முறையன்று என்பது நிறுவனத்தின் வாதம். 2017இல் மாவட்ட நீதிமன்றம் இதனை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மேல்முறையீட்டில் நிலை மாறியது. 2019 சனவரி 15 அன்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் பேசுவது அவ்விடத்தினது சேவையைப் பற்றியே அன்றி, அவ்விடத்தில் நிகழும் சேவையை மட்டும் பற்றி அன்று எனத் தெளிவுபடுத்தியது. நம் இலக்கணப்படி கூறின், சட்டத்தில் இருப்பது ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் அன்று. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளே. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே செயலியைப் பயன்படுத்தினும், அது அவரைக் கடையோடு இணைக்கின்றது. ஆதலின் அது கடையினது சேவையாகும். அரசு விதி வகுக்காமை சட்டக் கடமையை நீக்காது என்றும் நீதிபதிகள் கூறினர். 2019 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

தொலைபேசி வழியே கேட்டிருக்கலாமே என்றும் நிறுவனம் வாதிட்டது. இருமுறை அழைத்து, ஒவ்வொரு முறையும் 45 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தும் மறுமொழி கிடைக்கவில்லை என்பது அவர் பட்ட பாடு. 2021இல் மாவட்ட நீதிமன்றம், இணையத்தளம் சட்டத்தை மீறியது எனத் தீர்ப்பளித்து, மாநிலச் சட்டப்படி 4,000 டாலர் வழங்கப் பணித்தது. 2022இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

எல்லா நீதிமன்றங்களும் ஒருமித்த கருத்துடையன அல்ல. 2021 ஏப்ரலில் பதினோராம் வட்டார நீதிமன்றம், வின்-டிக்சி என்னும் பல்பொருள் அங்காடி மீதான வழக்கில், இணையத்தளம் 'இடம்' ஆகாது என்றது. அத்தீர்ப்பும் அவ்வாண்டு திசம்பரில் விலக்கப்பட்டது. ஆகவே இவ்விலக்கண வழக்கு அங்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை.

இதனை எழுதும் எனக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு. பாடக்குறிப்புகளைக் கையால் எழுதிப் படம் பிடித்து மாணவர் குழுவுக்கு அனுப்புவது என் வழக்கம். "ஐயா, என் கைபேசி 'படம்' என்று மட்டும்தான் சொல்கிறது" என்று பார்வையற்ற மாணவர் ஒருவர் பணிவுடன் கூறிய பின்னரே என் பிழை எனக்குப் புலனாயிற்று. இப்போது தட்டச்சு செய்து அனுப்புகிறேன். வகுப்பில் ஓர் இருக்கை தந்துவிட்டால் போதாது. வகுப்பினது கல்வி முழுவதும் அவரைச் சென்றடைதல் வேண்டும்.