வடை குடிக்கும் எண்ணெய்

வதக்குவது, வறுப்பது, பொரிப்பது ஆகிய மூன்றையும் தமிழ்ச் சமையலறை ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை. வெங்காயம் வதங்க இரண்டு கரண்டி எண்ணெய் போதும். மல்லியும் கடலைப்பருப்பும் வறுபட எண்ணெயே வேண்டாம். உளுந்து வடையும் வாழைக்காய் பஜ்ஜியும் அப்பளமும் பொரிவதற்குத்தான் முழுகும் அளவுக்கு எண்ணெய் காய வேண்டும். ‘எண்ணெய்ப் பண்டம் உடம்புக்கு ஆகாது’ என்ற அறிவுரை இந்தக் கடைசி முறையைக் குறித்தே சொல்லப்படுகிறது. ஆனால் ஆகாதது மாவா, எண்ணெயா, சூடா, அளவா என்பதை அது பிரித்துச் சொல்வதில்லை. பிரித்துப் பார்த்தால், வடையைவிட அது வெந்த எண்ணெயின் வயதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது தெரியவரும்.

170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த எண்ணெயில் வடையைத் தட்டிப் போட்டவுடன் எழும் சலசலப்பு, எண்ணெய் கொதிக்கும் ஓசை அன்று. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. அந்த ஆவி உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே புக அதிக வழியில்லை. மேற்புறம் வறண்டு மொறுமொறுப்பாக, உட்புறமோ நூறு டிகிரியை ஒட்டியே நின்று ஆவியில் வெந்ததுபோல் மெத்தென்று ஆகிறது. விரலால் இடும் ஓட்டை, வேகத் தாமதமாகும் நடுப்பகுதியையே இல்லாமல் செய்துவிடும் ஏற்பாடு. ‘எண்ணெய் குடிப்பது’ என்று வீடுகளில் சொல்லப்படுவதன் பெரும்பகுதி, வடை வாணலியில் கிடக்கும்போது நடப்பதில்லை. வெளியே எடுத்த பிறகே நடக்கிறது. சூடு தணியத் தணிய உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்குகிறது. அப்போது நுண்துளைகளில் அழுத்தம் குறைவதால், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே கண்கரண்டியில் அள்ளிய கையோடு வாணலிக்கு மேலேயே உதறி வடிப்பது, ஆறிய பிறகு தாளில் ஒற்றுவதைக் காட்டிலும் பயன் தரும். (அந்தத் தாள் செய்தித்தாளாக இருந்தால் எண்ணெய் போவதோடு அச்சு மையும் வந்து சேரும், உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018ஆம் ஆண்டின் பொட்டல விதிமுறைகள் தடை செய்திருந்தும், டீக்கடைகளில் அது மறைந்தபாடில்லை.)

நீர் வெளியேறிய இடத்தில்தான் எண்ணெய் குடியேறுகிறது என்பதால், தண்ணீர் தூக்கலாக அரைத்த மாவும், ஆப்பசோடாவால் துளைகள் பெருகிய பஜ்ஜியும், எண்ணெய் சரியாகக் காயும் முன் போட்டதால் நெடுநேரம் ஊறிய போண்டாவும் அதிகம் குடிக்கின்றன. எடையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீராகவே இருக்கும் உருளைக்கிழங்கு, மெல்லிய சிப்ஸாகும்போது அந்நீரை அநேகமாக முழுவதும் இழந்து, எடையில் சுமார் மூன்றிலொரு பங்கு கொழுப்பாக நிற்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஒரு வடை பத்து கிராம் எண்ணெய் குடித்தால் அதிலிருந்து மட்டும் 90 கலோரி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் மாதிரித் தட்டில், 2,000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ 27 கிராம். மாலை நேரத்து இரண்டு வடைகளில் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிட, தாளிப்புக்கும் பொரியலுக்கும் தோசைக்கும் மீதமிருப்பது சொற்பமே.

இவ்வளவும் புதிய எண்ணெயைப் பற்றிய கணக்கு. எண்ணெய் என்பது கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த ட்ரைகிளிசரைடுகளின் திரள். மாவிலிருந்து வரும் நீராவி அந்தப் பிணைப்பை அறுக்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பு அமிலங்களைத் தாக்கி ஆல்டிஹைடு போன்ற சிதைபொருள்களை உண்டாக்குகிறது, தொடர்ந்த சூடு சிதைந்தவற்றை ஒன்றோடொன்று கோத்துக் கனத்த மூலக்கூறுகளாக்குகிறது. இப்படிப் பிறப்பவற்றில் பெரும்பாலானவை ‘முனைவுச் சேர்மங்கள்’, அதாவது மின்னூட்டம் சமமாகப் பரவாத மூலக்கூறுகள்; எண்ணெயின் வயதை அளக்க இவற்றின் மொத்த விழுக்காடே அளவுகோல். கருவி இல்லாத இடத்தில் கண்ணும் மூக்கும் ஓரளவு உதவும்: நல்ல எண்ணெயில் குமிழ்கள் பெரிதாக எழுந்து உடனே உடையும், பழைய எண்ணெயில் அவை பொடி நுரையாகப் பொங்கி வாணலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நிறம் கறுக்கும், காறல் வாடை அடிக்கும், சீக்கிரமே புகையும். கொழகொழப்பான பழைய எண்ணெய் வடியவும் தாமதமாவதால், அதில் வெந்த வடை அதிகமாகவும் குடிக்கிறது, கெட்டதையும் குடிக்கிறது.

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலிக் அமிலம் இரத்தக் கொழுப்புக்கு நல்லதென்றாலும் சூட்டில் எளிதில் சிதைகிறது. பாமாயில் சூட்டைத் தாங்குகிறது, விலையும் குறைவு, ஆனால் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பாக இருப்பதால் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது.

எண்ணெயும் உணவுப் பழக்கமும் மாறினால் முடிவும் மாறும் என்பதை இரு ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்பெயினில் 40,757 பேரைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், பொரித்த உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. அங்கே பொரிப்பதற்குப் பயன்பட்டவை ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்கள், அதுவும் பெரும்பாலும் வீட்டில். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 1,06,966 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலோ, வாரத்துக்கு ஒரு முறையாவது பொரித்த கோழி உண்டவர்களிடம் இறப்பு அபாயம் 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரண்டுமே பழக்கத்தைக் கவனித்து எழுதியவை, காரணத்தை நிறுவியவை அல்ல. எனினும் ‘பொரித்தது’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறு உணவுகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை அவை உணர்த்துகின்றன.

2002இல் சுவீடன் விஞ்ஞானிகள் பொரித்த, சுட்ட மாவுப்பண்டங்களில் கண்டறிந்த அக்ரிலமைடு வேறு வகைச் சிக்கல். அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் வினைபுரியும்போது இது உருவாகிறது; உருளைக்கிழங்கில் இரண்டுமே உண்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கிலோ சர்க்கரை இன்னும் கூடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் இது 1994இலேயே சேர்க்கப்பட்டதாயினும், உணவின் வழியாக வரும் அளவில் அதற்கான சான்று இன்னும் உறுதிப்படவில்லை. கருகக் கருகப் பெருகுவது என்பதால், சமையல் குறிப்புகள் சலிக்காமல் எழுதிவரும் ‘பொன்னிறமானதும் எடுக்கவும்’ என்பது வேதியியலுக்கும் பொருந்திவிடுகிறது.

முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கழித்த எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. உணவகம் கழித்த எண்ணெய் மலிவு விலையில் மீண்டும் வாணலிக்குத் திரும்புவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பதிவேடு வைக்கும் கட்டாயம், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் நிறுவனங்களுக்கே. தெருமுனை வடைக்கடையின் வாணலி சில லிட்டரே கொள்ளும். அங்கே 25 விழுக்காடு என்ற வரம்பு செல்லும், அதை அளப்பதற்குத்தான் ஆளில்லை. மாலையில் மிஞ்சிய எண்ணெய் மண்டியோடு டின்னுக்குப் போகிறது, மறுநாள் குறைந்த அளவுக்குப் புது எண்ணெய் அதன் தலையில் ஊற்றப்படுகிறது, பழையதில் சேர்ந்திருக்கும் சிதைபொருள்கள் புதியதையும் விரைவில் கெடுக்கின்றன. வீட்டில் ஒரு முறை பொரித்து மிஞ்சியதை வடிகட்டி, மறுபடி பொரிப்பதற்கு வைக்காமல், ஓரிரு நாளில் குழம்புத் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம் என்கிறது ஊட்டச்சத்து நிறுவனம். குழம்பு வைக்காத வடைக்கடைக்கு அந்த வழியும் கிடையாது. கொட்டினால் நட்டம், விற்கலாமென்றால் சில லிட்டருக்காகச் சேகரிப்பு வண்டி அந்தத் தெருவுக்கு வருவதில்லை.