போகம்பறை மதிலும் வெவெஸ்ஸ தோட்டமும்

பதுளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் நம்மைக் குட்ஷெட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து சற்று நடந்தால் உயர்ந்த மதிலொன்று தெரியும். அதுதான் பழைய போகம்பறைச் சிறைச்சாலை. 1876 இல் ஆங்கிலேயர் கட்டியது. 2014 இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். அதன்பின் அதைச் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு அடிபட்டது. அங்கு நூதனசாலை ஒன்று அமையுமானால் அதில் நம் பதுளைக்கும் ஓர் அறை வேண்டும் என்பேன். காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில் மலையகத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர், லங்கா சமசமாஜக் கட்சியின் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா.

மே மாதமளவில் போராட்டம் ஊவாவுக்கு வந்தது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அந்தச் சபையுடன் கலந்து பேசியே நடப்பதாகத் துரையும் ஒப்புக்கொண்டார்! அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தே விட்டார்கள். மே 12 இல் பதுளைக் கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார்.

அடுத்த மாதமே கைது. போரை எதிர்த்ததும் தோட்டங்களில் சங்கம் வளர்த்ததும் அரசுக்குப் பொறுக்கவில்லை. என். எம்., பிலிப் குணவர்தன, கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் வழக்கு விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். முதல் இருவரும் அரசாங்க சபை உறுப்பினர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வெலிக்கடையிலிருந்து பின்னர் போகம்பறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. இரண்டே நாளில் நால்வரும் தப்பினார்கள். சுவரேறிக் குதிக்கவில்லை, காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்தே வெளியேறினார். பிறகு அவர்களில் சிலர் இந்தியாவுக்குச் சென்று தலைமறைவாக இயங்கினார்கள்.

அந்தமான் செல்லுலார் சிறை 1979 இல் தேசிய நினைவுச் சின்னமானது. அங்கே கைதிகளின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. போகம்பறையிலும் நால்வர் பெயரைப் பொறிப்பது கடினமல்ல. வெவெஸ்ஸ சபையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் எங்கே?

வாப்பாவிடம் கேட்டேன். “வெவெஸ்ஸவா? கொழுந்து லொறி வாரது தெரியும், இது தெரியாதே மகள்” என்றார். அன்று பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். பள்ளி விடுமுறையில் நானும் இரு தோழிகளும் ஒரு கொப்பியுடன் அந்த லயங்களுக்குப் போகவிருக்கிறோம்.