பொதுசன வாக்கும் சிறுபான்மையோரும்

மைசூரில் பெரிய மணிக்கூண்டின் அருகே நிற்கும் நகர மண்டபத்தைக் காணாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. தேவராஜ மார்க்கெட்டுக்குச் செல்லும்போதெல்லாம் அதனைக் கடந்தே செல்கின்றோம். அம்மண்டபம் திவான் ரங்காசார்லுவின் நினைவாக எழுப்பப்பட்டது என்பதையும், அவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்தவர் என்பதையும் நம்முள் பலர் மறந்திருக்கலாம். ஐம்பது ஆண்டுக்கால ஆங்கிலேயர் நிர்வாகம் நீங்கி மைசூர்ச் சமஸ்தானம் மீண்டும் மன்னர் குடும்பத்தின் கைக்கு வந்த 1881-ஆம் ஆண்டிலேயே, 144 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபை ஒன்றை அவர் கூட்டுவித்தார். தசராக் காலத்தில் கூடிய அச்சபையே இந்தியச் சமஸ்தானங்களில் தோன்றிய முதற் பிரதிநிதி சபை எனப் போற்றப்படுகின்றது.

அச்சபையின் ஓர் இயல்பு நம் கருத்துக்குரியது. தொடக்க காலத்தில் உறுப்பினர் தத்தம் தாலுகாவின் குறைகளை எடுத்துரைப்பர்; திவான் விடை கூறுவார். அவ்வளவே. எப்பக்கம் எத்தனை பேர் என்று எண்ணி முடிவு செய்யும் அதிகாரம் சபைக்கு இல்லை. பிற்காலத்தில் தேர்தலும் வந்தது. விடுதலைக்குப் பின் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையும் வந்தது. குறை கேட்ட காலம் போய், தலை எண்ணும் காலம் பிறந்தது. நன்மையே. எனினும் பலர் நடுவே சிலராய் வாழும் குடும்பங்களுக்கு, தலை எண்ணுவதென்பது எளிதில் கடந்து போகத்தக்க செய்தியன்று. எண்ணிக்கை எடுத்தால் நாம் எப்போதும் குறைந்த பக்கத்திலேயே இருப்போம். ஆதலின், நாட்டில் ஏதேனும் ஒரு வழக்கு முற்றும்போது, “மக்களையே நேரிற் கேட்டுவிடலாமே, பொதுசன வாக்கெடுப்பு நடத்திவிடலாமே” என்று சிலர் கூறுவதைக் கேட்கையில், அதன் பொருளை நாம் பிறரினும் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டியவராய் இருக்கின்றோம்.

நம் அரசியலமைப்பில் பொதுசன வாக்கெடுப்புக்கு இடமில்லை. அதனைத் திருத்தவும் நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே வேண்டும். சிலவற்றிற்கு மாநிலச் சட்டசபைகளுள் பாதியின் இசைவும் வேண்டும். 1978-இல் ஜனதா அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. அரசியலமைப்பின் மக்களாட்சித் தன்மை, சமயச் சார்பின்மை, நேர்மையான தேர்தல், நீதிமன்றச் சுதந்தரம் போன்ற அடிப்படைகளை மாற்றுவதாயின் மக்களிடம் நேரே வாக்குக் கேட்க வேண்டும். வாக்காளருள் நூற்றுக்கு 51 பேரேனும் அவ்வாக்கெடுப்பிற் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை ஏற்கவில்லை. அத்துடன் அம்முயற்சி நின்றது.

ஆயினும் இந்திய மண்ணில் மக்களை நேரே கேட்ட நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றுள் மிகவும் கற்கத்தக்கது நம் கர்நாடகத்தின் அண்டை நிலமாகிய கோவாவில் 1967-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் நடந்த கருத்து வாக்கெடுப்பாகும்.

1961-இல் போர்த்துக்கீசியர் ஆட்சி நீங்கியபின் கோவா மத்திய ஆட்சிப் பகுதியாயிற்று. 1963-இல் நடந்த முதல் தேர்தலில் மகாராட்டிரத்தோடு இணைய வேண்டும் என்ற கொள்கையுடைய மகாராட்டிரவாதி கோமந்தகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. தயானந்த பந்தோட்கர் முதலமைச்சரானார். “தேர்தலில் வென்றோம்; ஆகவே இணைப்புக்கு மக்கள் இசைந்துவிட்டனர்” என்பது அவர் தரப்பின் வாதம். “ஒரு கட்சிக்கு வாக்களிப்போர் அக்கட்சியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கையொப்பம் இடுவதில்லை, இதற்கெனத் தனியே கேட்டுப் பாருங்கள்” என்பது ஜாக் செக்வேரா தலைமையில் நின்ற ஐக்கிய கோவர் கட்சியின் வாதம். மத்திய அரசு இதற்கென ஒரு சட்டமே இயற்றிற்று. வாக்கெடுப்பு நடுநிலையாக நடைபெற வேண்டுமென்று, இணைப்பை விழைந்த பந்தோட்கரின் அமைச்சரவை 1966 டிசம்பரில் பதவி விலகியது. கேள்வியில் ஒரு பக்கம் சாய்ந்தவர் வாக்குப் பெட்டியின் காவலராகவும் இருத்தல் ஆகாது என்பதை ஆளுங்கட்சியே ஏற்று நாற்காலியை விட்டு இறங்கியது நம் நாட்டில் அடிக்கடி காணும் காட்சியன்று.

இணைப்புக்குப் பூச் சின்னம். தனித்து நிற்பதற்கு இரண்டு இலைச் சின்னம். (இரண்டு இலை என்றதும் தமிழர் மனம் வேறெங்கோ செல்லும், அது பின்னாளைய கதை.) எண்ணிப் பார்த்தபோது தனித்து நிற்பதற்கு 1,72,191 வாக்கும், இணைப்புக்கு 1,38,170 வாக்கும் விழுந்திருந்தன. வேற்றுமை 34,021. நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று கொள்ளலாம்.

இதன்பின் நிகழ்ந்ததுதான் சுவையானது. இரண்டு மாதம் கழித்து, 1967 மார்ச்சில், பொதுத் தேர்தல் வந்தது. இணைப்பை மறுத்த அதே மக்கள் பந்தோட்கரின் கட்சியையே மீண்டும் வெற்றி பெறச் செய்து, அவரையே முதலமைச்சர் ஆக்கினர். ஆள் வேறு, பொருள் வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டிய தெளிவை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பாகவே இருக்கின்றது. வாக்கெடுப்பிலே தோற்றவர்க்கும் வாழ்வு அடைபட்டுவிடவில்லை. 1987-இல் கொங்கணி கோவாவின் ஆட்சி மொழியானபோதும், அரசு அலுவலில் மராத்திக்கு இடம் தரப்பட்டது.

குறை இல்லாமலும் இல்லை. வாக்குச் சீட்டில் இரண்டே வழிகள்தாம் இருந்தன: மகாராட்டிரத்தோடு இணைவதா, மத்திய ஆட்சிப் பகுதியாகவே நீடிப்பதா? தனி மாநிலம் என்னும் மூன்றாம் வழி அச்சீட்டில் இல்லை. ஆனால் 1987-ஆம் ஆண்டு மே 30-இல் கோவாவிற்கு வந்தது அதுவே. மேலும், பிழைப்பு நாடிப் பம்பாய் முதலிய ஊர்களுக்குச் சென்றிருந்த கோவர்க்கும் வாக்குரிமை தர வேண்டுமென்று செக்வேரா தரப்பினர் கேட்டனர், தரப்படவில்லை. பிறந்த மண்ணைப் பற்றிய முடிவில் வெளியூர் சென்றவர்க்குப் பங்கு உண்டா என்னும் கேள்விக்கு நம் இல்லங்களிலே தந்தையும் மகனும் இருவேறு விடை கூறுவர். பங்கு இல்லை என்பதே என் கருத்து. முடிவின் விளைவை நாள்தோறும் சுமப்பவர் எவரோ அவரே வாக்களிக்க உரியவர். இக்கருத்தைக் கொண்டால், நாம் பிறந்த ஊர் வழக்கில் நமக்கு உரிமை குறையும். வாழும் ஊர் வழக்கில் உரிமை கூடும்.

புதுச்சேரியின் கதை வேறு. பிரெஞ்சுக்காரர் தம் இந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்கள் வாக்கால் முடிவு செய்வதென 1948-இல் ஒப்பினர். அவ்வாறே சந்திரநாகூரில் 1949 சூன் 19-இல் வாக்கெடுப்பு நடந்து, மிகப் பெரும்பான்மையோர் இந்தியாவையே விரும்பினர். புதுச்சேரி, காரைக்காலில் அத்தகைய வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூர் என்னும் சிற்றூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. மக்களின் வாக்கு எனக் கூறப்படுவது உண்மையில் பிரதிநிதிகளின் வாக்கே. ஆயினும் அம்முடிவு மக்கள் மனத்திற்கு மாறானது என்று எவரும் நெடுங்காலம் வாதிடவில்லை. எல்லோரையும் கேட்டால்தான் முடிவு செம்மையாகும் என்பதற்கில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

எல்லோரையும் கேட்டும் முடிவு கெடலாம் என்பதற்குச் சான்று வேண்டின், கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்ல வேண்டும்.

1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றம், 1983-இல் மீண்டும் தேர்தலைச் சந்தித்திருக்க வேண்டும். ஆறில் ஐந்து பங்கு இடங்களை வைத்திருந்த ஆளுங்கட்சி, தேர்தலுக்கு மாறாக, அந்நாடாளுமன்றத்தின் ஆயுளையே மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று மக்களிடம் கேட்டது. 1982 டிசம்பர் 22-இல் வாக்கெடுப்பு. ஆம் என்பார்க்கு விளக்குச் சின்னம்; இல்லை என்பார்க்குக் குடம். கேள்வியை எழுதியவரும், அவசரகாலச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவரும், ஆம் என்ற விடையால் பயன் பெறுபவரும் ஒருவரே. விளக்கிற்கு 31,41,223, குடத்திற்கு 26,05,983. நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவு.

கோவாவின் எண்ணும் ஏறத்தாழ இதுவே என்பதை நேயர்கள் கருத வேண்டும். இரண்டிடத்தும் பெரும்பான்மை ஒன்று. பின் விளைந்ததோ முற்றும் வேறு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்திற்கே வாக்களித்திருந்தனர். நாடு முழுவதையும் ஒரே தட்டில் வைத்து எண்ணியபோது அக்குரல் மறைந்தது. ஏழு மாதம் கழித்து 1983 சூலைக் கலவரம். அடுத்த மாதம் ஆறாம் அரசியல் திருத்தம். அது கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். தேர்தல் இன்றி நீட்டிக்கப்பட்ட அதே நாடாளுமன்றம், வடக்குத் தமிழரின் பிரதிநிதிகள் இல்லாமலே, 1988 டிசம்பர் வரை அமர்ந்திருந்தது. எவ்வளவு கொடிய ஆண்டுகள் அவை என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டா.

குடம் என்றதும் உத்தரமேரூர் நினைவு வராமற் போகாது. பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையை எடுத்துக் காட்டி, வாக்குச் சீட்டு நம் முன்னோர் கண்டது என்று மேடைகளில் முழங்குகின்றோம். உண்மையில் குடவோலை என்பது எண்ணிக்கை எடுப்பதன்று. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்வது. திருவுளச் சீட்டு முறை. அதிலே தோற்ற கட்சி என்று ஒன்று இல்லை. பெரும்பான்மையால் பிளவு உண்டாகும் என்று அஞ்சித்தான் அவ்வாறு செய்தனரோ என்று எண்ணத் தோன்றுகின்றது. அது வெறும் ஊகம்தான்.

பிற நாட்டார் இவ்விடர்ப்பாட்டை அறியாதவர் அல்லர். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அரசியலமைப்பைத் திருத்த, மக்களில் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலங்களில் பெரும்பான்மையும் இசைய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 வரை கேட்கப்பட்ட 45 கேள்விகளுள் எட்டே தேறின. அத்தனை விழிப்புடைய சுவிட்சர்லாந்தில்தான், பெண்களுக்கு நாட்டளவில் வாக்குரிமை தரலாமா என்பதை 1959-இல் ஆண்கள் மட்டுமே வாக்களித்து மறுத்தனர்! 1971-இல்தான் மனம் இரங்கினர். பிரிட்டனில் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென நூற்றுக்கு 52 பேர் முடிவு செய்தனர். எவ்வாறு விலகுவது என்பது சீட்டில் இல்லாமையால், நாடாளுமன்றம் மூன்றாண்டுக்கு மேல் அதனோடு போராடியது.

இவ்வளவு தொலைவு செல்லாமலே கேள்வி வைப்பவரின் வலிமையை நாம் அறிவோம். சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில், இரவு ஒன்பது மணிக்கு மேல், பாதிப் பேர் பேருந்து பிடிக்கச் சென்றபின், “ஆட்சேபம் இல்லையே?” என்று கேட்டு நிறைவேற்றப்படும் தீர்மானங்களை நினைவு கூர்க.

இனி நம் வாயிலுக்கே வருவோம். மைசூரிலிருந்து கொள்ளேகாலம் செல்வோர் எந்த எல்லையையும் கடப்பதில்லை. 1956 அக்டோபர் முடிய அத்தாலுகா சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. கன்னடம் பேசுவோர் மிகுந்த தாலுகா அது. எனினும் அங்குள்ள தமிழரையோ கன்னடரையோ எவரும் வாக்குச் சீட்டு இட்டுக் கேட்கவில்லை. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலச் சீரமைப்புக் குழு நாடெங்கும் சுற்றி, ஒன்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டு பேசி, 1955-இல் அறிக்கை தந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்டல் வேண்டும். அதன்படி நடத்தல் வேண்டும் என்பதில்லை என்பதே அரசியலமைப்பின் மூன்றாம் விதி. ஒருவகையில், ரங்காசார்லுவின் சபைக்கு இருந்த உரிமை அளவே அது.

இஃது அநீதி அன்றோ எனின், நான் அவ்வாறு கூறமாட்டேன். கொள்ளேகாலத்தில் வாக்கெடுத்திருப்பின் கன்னடமே வென்றிருக்கும். அங்குள்ள தமிழ்க் குடும்பம் தோற்ற கட்சி என்ற பெயரையும் கூடுதலாகச் சுமந்திருக்கும். அக்குடும்பத்திற்கு வேண்டியது எண்ணிக்கையிற் பெறும் வெற்றியன்று. எண்ணிக்கைக்கு உட்படாத ஒரு பாதுகாப்பு. அதனை அதே 1956-ஆம் ஆண்டு வழங்க முற்பட்டது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்னும் 350-அ விதியும், மொழிச் சிறுபான்மையோர்க்கு ஓர் ஆணையர் வேண்டும் என்னும் 350-ஆ விதியும் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பிற் சேர்ந்தன. தமக்கெனக் கல்விக்கூடம் அமைக்கும் உரிமையை முப்பதாம் விதி முன்னரே தந்திருந்தது. சிறுபான்மை எது என்பதை மாநில அளவிலே காண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல், கர்நாடக மண்ணில் எழுந்த டி. எம். ஏ. பாய் நிறுவன வழக்கிலேயே, உறுதி செய்தது. ஆகவே சென்னையிற் பெரும்பான்மையாக உள்ள தமிழர், மைசூருக்கு வந்ததும் சட்டப்படி சிறுபான்மையோர் ஆகின்றனர்.

இப்பாதுகாப்புகளுள் ஒன்றில் எண்ணிக்கை வருகின்றது. ஆனால் அது வேறு வகையான எண்ணிக்கை. 1949-இல் மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு வகுத்து, 1956-இல் மத்திய அரசின் குறிப்பிலும் இடம்பெற்ற ஏற்பாடு அது. ஒரு பள்ளியில் ஒரு மொழிக்குரிய பிள்ளைகள் நாற்பது பேரோ, ஒரு வகுப்பில் பத்துப் பேரோ இருந்தால், அம்மொழியிற் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது. மற்றப் பிள்ளைகள் நானூறு பேரா, நாலாயிரம் பேரா என்று அவ்விதி கேட்பதில்லை. பத்து என்பது ஐம்பத்தொன்றை வெல்ல வேண்டுவதில்லை. பத்தாக இருந்தாற் போதும். வழக்கிட்டு நிலைநாட்டத்தக்க சட்டம் அன்று இது. அரசுகள் தமக்குள் ஒப்பிய ஏற்பாடே. கேட்பார் இல்லாத இடத்தில் ஏட்டளவில் நின்றுவிடும். பள்ளி திறக்குமுன்பே, எம் பிள்ளைக்கு இம்மொழி வேண்டும் என்று பெற்றோர் பதிவு செய்துகொள்ளும் முறையும் பின்னர் இதனோடு சேர்க்கப்பட்டது. ஒரு தெருவிலோ ஒரு குடியிருப்பிலோ வாழும் பத்துக் குடும்பங்கள், சேர்க்கைக் காலத்திற்கு முன் ஒரு மாலை கூடிப் பேசி, ஒரே பள்ளிக்குச் சென்று, ஒரே தாளிற் பெயர்களை எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பத்து பத்தாகும். பத்துப் பள்ளிகளில் ஒவ்வொருவராகச் சேர்த்தால், அது பத்து முறை ஒன்று.